டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரில் பழைய டெலி லென்ஸ் ஏன் மங்கலாகப் படமெடுக்கிறது?

உங்கள் கேள்வியின் சாரம் இது. உங்களிடம் இரண்டு பழைய 135 மி.மீ. லென்ஸ்கள் இருக்கின்றன: ஒன்று எம் மவுண்டில் (லைக்காவின் எம் வரிசைக் கேமராக்களில் லென்ஸை மாட்டும் வாய்) வரும் லைக்கா டெலி-எல்மார் எஃப்/4, மற்றது திருகு மவுண்டில் வரும் கேனன் எஃப்/3.5. லைக்காவின் ஃபிலிம் கேமராவான எம்3-இல் இரண்டுமே பல வருடங்கள் நன்றாக வேலை செய்தன. இப்போது டிஜிட்டல் எம்10-இல் மாட்டினால் முகங்கள் மங்கலாக விழுகின்றன. அடாப்டர் வழியாக மாட்டும் கேனனில் நிலைமை இன்னும் மோசம். ஆனால் அதே பாடியில், அதே அடாப்டர் வழியாக மாட்டிய 50 மி.மீ. திருகு லென்ஸ் துல்லியமாக இருக்கிறது. பழைய டெலி லென்ஸ்கள் டிஜிட்டலுக்கு ஒத்துவராது, விற்றுவிடுங்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இது உண்மையா, வேறு எதை வாங்கலாம் என்று கேட்கிறீர்கள்.

விற்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் கண்ணாடியின் குறையைக் காட்டவில்லை, ஃபோகஸ் தவறுவதைக் காட்டுகின்றன. 50 மி.மீ. லென்ஸ் சரியாக இருப்பதை வைத்துப் பாடியும் அடாப்டரும் சரி என்று முடிவு கட்டுவதுதான் இங்கே எல்லோரும் சறுக்கும் இடம்.

முதலில் ஒளியியலைப் பார்த்துவிடுவோம், அது சுருக்கமான விஷயம். பழைய லென்ஸ்கள் டிஜிட்டல் சென்சாரில் திணறுகின்றன என்ற பேச்சு வைட் லென்ஸ்களிலிருந்து வந்தது. சென்சாருக்கு மேலே ஒரு கண்ணாடித் தகடும், ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரு நுண்வில்லையும் இருக்கின்றன. ஒளி சரிவாக வந்தால் இவை இரண்டும் தொல்லை கொடுக்கும். ஓரங்கள் கரையும், மூலைகளில் ஊதா அல்லது சிவப்புச் சாயல் படியும். பழைய சமச்சீர் வடிவமைப்பிலுள்ள 28 மி.மீ. லென்ஸில் சட்டத்தின் மூலைக்குப் போகும் கதிர் ஏறத்தாழ 38 பாகை சரிந்து விழுகிறது. லைக்காவின் ஹெக்டார், எல்மார் போன்ற 135 மி.மீ. லென்ஸில் அதே மூலைக்கு 9 பாகைதான். உண்மையான டெலிஃபோட்டோ வடிவமைப்பான (குவியத் தூரத்தைவிட நீளம் குறைந்த) டெலி-எல்மாரில் இது சற்றுக் கூடும், ஆனாலும் சென்சார் முகம் சுளிக்கும் அளவுக்கு இல்லை. ஆக, பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களிலேயே டிஜிட்டல் சென்சாரோடு மிகச் சுமுகமாகப் போகும் இனம் இந்த 90, 135 மி.மீ. லென்ஸ்கள்தான். 1965-இல் வந்த டெலி-எல்மார் 24 மெகாபிக்சலுக்குத் தேவையான விவரத்தைத் தாராளமாகத் தரும்.

பிரச்சினை இயந்திரத்தில். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நீங்கள் பார்ப்பது லென்ஸ் வழியாக வரும் காட்சியை அல்ல. பாடியின் உள்ளே, மவுண்டின் மேற்பகுதியில், சிறிய உருளை ஒன்று ஒரு கரத்தின் நுனியில் இருக்கிறது. லென்ஸின் பின்புறமுள்ள கேம் வளையம் அந்த உருளையைத் தள்ளுகிறது. அந்த அசைவு உள்ளே இருக்கும் ஒளிப்பாதையைத் திருப்பி, நடுக்கட்டத்தில் தெரியும் இரண்டு பிம்பங்களை நெருக்குகிறது; அவை ஒன்றானால் ஃபோகஸ் சரி என்று அர்த்தம். இந்த அமைப்பு முழுக்க 51.6 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸுக்காக அளவிடப்பட்டது. லைக்காவின் பழைய 50 மி.மீ. லென்ஸ்களின் உண்மையான குவியத் தூரம் அதுதான். அந்த லென்ஸ் எவ்வளவு முன்னே போகிறதோ, உருளையும் அவ்வளவே நகரும்.

135 மி.மீ. லென்ஸில் கதை வேறு. 1.5 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்ய அந்தக் கண்ணாடித் தொகுதி 13 மில்லிமீட்டருக்கு மேல் முன்னே வர வேண்டும். ஆனால் பாடியிலுள்ள உருளைக்குத் தெரிந்தது 51.6 மி.மீ. கணக்கு மட்டுமே, அது 2 மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் நகரும். எனவே லென்ஸுக்குள் கண்ணாடிக்கு ஒரு திருகு வேகமும் கேம் வளையத்துக்கு வேறொரு வேகமும் வைக்கிறார்கள். உருளை சொல்லும் சிறிய அசைவை லென்ஸ் பெருக்கிக் கொள்கிறது. எவ்வளவு பெருக்கம் என்பது குவியத் தூரங்களின் விகிதத்தின் வர்க்கம்: 90 மி.மீ. லென்ஸுக்கு 3 மடங்கு, 135-க்கு ஏறத்தாழ 6.8 மடங்கு.

பெருக்கம் அசைவோடு நிற்பதில்லை, பிழைக்கும் அதே பெருக்கம்தான். உங்கள் பாடியின் உருளை 0.015 மி.மீ. தவறான இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. லென்ஸில் சென்சார் தளத்தில் அதே 0.015 மி.மீ. பிழைதான் வரும். எம்10-இன் பிக்சல் அகலம் சுமார் 6 மைக்ரான். இரண்டு பிக்சல் அளவு மங்கலைப் பொறுத்துக்கொள்வதாக இருந்தால் எஃப்/2-இல் இரு பக்கமும் 0.024 மி.மீ. இடம் இருக்கிறது. பிழை அதற்குள் மறைந்துவிடும், படம் துல்லியமாகத் தெரியும். அதே பாடியில் 135 மாட்டினால் பிழை 0.1 மில்லிமீட்டராக வளர்கிறது. எஃப்/4-இல் இருக்கும் இடமோ 0.048 மி.மீ. மட்டுமே. படம் மங்கல். திருப்பிச் சொன்னால், 135 எஃப்/4 முழுத் திறப்பில் சரியாக விழ வேண்டுமானால் உருளையும் கேமும் சேர்ந்து செய்யும் பிழை 7 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு. 50 மி.மீ. லென்ஸ் இந்தப் பாடியின் பிழையைப் பார்க்கும் தகுதியே இல்லாத சாட்சி.

அடாப்டர் விஷயம் இதைவிடச் சுவாரசியமானது. இதைப் பற்றி யாரும் விரிவாகப் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை. திருகு மவுண்டின் பதிவுத் தூரம் (மவுண்டின் முகத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரையுள்ள தூரம்) 28.8 மி.மீ., எம் மவுண்டுக்கு 27.8 மி.மீ.; எனவே அடாப்டரின் தடிமன் சரியாக 1 மி.மீ. இருக்க வேண்டும். உங்கள் அடாப்டர் 0.02 மி.மீ. கூடுதல் தடிமன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. லென்ஸ் மாட்டினால் கண்ணாடி 0.02 மி.மீ. வெளியே போகிறது, கேமும் அதே 0.02 வெளியே போகிறது. ரேஞ்ச்ஃபைண்டர் அதைப் பார்த்து, லென்ஸ் இன்னும் அருகில் ஃபோகஸ் ஆகியிருக்கிறது என்று சொல்லும். உண்மையிலும் லென்ஸ் அப்படித்தான் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. கடைக்கோடித் தூரத்தில் (இன்ஃபினிட்டி) ஃபோகஸ் வளையம் முட்டி நிற்பது மட்டுமே சற்றுத் தவறும், அதை யாரும் கவனிப்பதில்லை.

135-இல் அந்த ஈடுகட்டல் கிடையாது. பிம்பங்களை ஒன்றாக்க நீங்கள் வளையத்தைத் திருப்பி, கேமை 0.02 உள்ளே இழுக்கிறீர்கள். அப்போது கண்ணாடித் தொகுதி அதன் 6.8 மடங்கு உள்ளே போகிறது. அடாப்டர் வெளியே தள்ளிய 0.02-ஐக் கழித்தாலும் 0.11 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே நிற்கும். விளைவு, ஆளின் கண்ணில் ஃபோகஸ் செய்தால் பின்னால் இருக்கும் சுவர் பக்கமாகக் கூர்மை விழும். மெல்லிய அடாப்டராக இருந்தால் தலைகீழாக, ஆளுக்கு முன்னே விழும். அதே அடாப்டரில் 50 சரியாகவும் 135 தவறாகவும் இருப்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மைக்ரோமீட்டர் கிடைத்தால் அடாப்டரை மூன்று நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். எல்லா இடத்திலும் 1.00 காட்ட வேண்டும். ஒரு பக்கம் 1.00, மறுபக்கம் 1.03 காட்டும் அடாப்டர்கள் சந்தையில் உண்டு; அவை லென்ஸைச் சாய்த்தே மாட்டுகின்றன.

அப்படியானால் எம்3-இல் எப்படிச் சரியாக இருந்தது? இரண்டு காரணங்கள். ஒன்று ஃபிலிமின் இயல்பு. ஃபிலிம் பரப்பு முற்றிலும் தட்டையாக நிற்பதில்லை, குழம்புப் படலத்துக்கே ஒரு தடிமன் இருக்கிறது, அதை யாரும் திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. ஃபிலிம் காலத்தில் 0.03 மி.மீ. மங்கல் வட்டத்தை (ஒரு புள்ளி பரவி விழும் வட்டம்) கூர்மை என்று ஏற்றுக்கொண்டோம். அந்தக் கணக்கில் எஃப்/4-க்கு 0.12 மி.மீ. இடம் இருந்தது. இன்று நீங்கள் திரையில் பார்ப்பது அதைவிட இரண்டரை மடங்கு கறாரான தேர்வு. எம்11-இன் 60 மெகாபிக்சல் சென்சாரில் பிக்சல் 4 மைக்ரானுக்கும் சிறியது, அங்கே இன்னும் கறார்.

இரண்டாவது காரணம் எம்3-இன் வியூஃபைண்டர். 1954-இல் வந்த அந்தக் கேமராவில் உருப்பெருக்கம் 0.91. இரண்டு சாளரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை உருப்பெருக்கத்தால் பெருக்கினால் கிடைப்பதுதான் பயனுறு அடித்தூரம். அது நீள நீள ஃபோகஸ் துல்லியம் கூடும். எம்3-இல் அது 62, 63 மி.மீ. அளவில் நிற்கிறது. டிஜிட்டல் எம் கேமராக்களான எம்8, எம்9, 2012-இல் அறிவிக்கப்பட்ட எம் டைப் 240 ஆகியவற்றில் உருப்பெருக்கம் 0.68, அடித்தூரம் 47 மி.மீ. உங்கள் எம்10-இலும் எம்11-இலும் 0.73, அதாவது 50.5 மி.மீ. எப்சனின் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரான ஆர்-டி1-இல் உருப்பெருக்கம் முழு 1.0 என்றாலும் சாளரங்கள் நெருக்கமாக இருப்பதால் 38 மி.மீ. மட்டுமே.

கண் ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அளவு கோணத்தைப் பிரித்தறியும் என்று வைத்துக் கணக்கிட்டால், ஃபிலிம் கால மங்கல் வட்டத்தில் 135 எஃப்/4-க்கு ஏறத்தாழ 46 மி.மீ. அடித்தூரம் வேண்டும். எம்9 அதை மயிரிழையில் தாண்டுகிறது. 90 எஃப்/2-க்கு 40 போதும். 135 எஃப்/2.8-க்கோ 65 வேண்டும், எம்3-க்கே அது கொஞ்சம் போதாது. அதனால்தான் 1963-இல் வந்த எல்மாரிட் 135 எஃப்/2.8 லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடி ஜோடியைப் பொருத்தினார்கள். அது வியூஃபைண்டர் காட்சியை ஒன்றரை மடங்கு பெரிதாக்குகிறது, அடித்தூரமும் அதே அளவு கூடுகிறது. எம்9-இன் 47 அப்போது 70 ஆகிறது. அழகான பொறியியல் அது. முக்கால் கிலோ எடையைச் சுமக்க மனமிருந்தால், டிஜிட்டல் எம்-இல் 135-ஐ நம்பிக்கையோடு ஃபோகஸ் செய்ய அந்த லென்ஸ் இன்றும் நல்ல வழி. அந்தக் கண்ணாடி ஜோடி வளைந்தோ ஆடியோ இருந்தால் மட்டும் தொடாதீர்கள்.

மங்கல் வட்டத்தைப் பாதியாக்கிக் கணக்கிட்டால் 135 எஃப்/4-க்கு 91 மி.மீ. தேவைப்படுகிறது. எந்த எம் கேமராவிலும் அது கிடையாது. காகிதக் கணக்கில் 135-ஐ முழுத் திறப்பில் ஃபோகஸ் செய்யவே முடியாது. நடைமுறை இதைவிட மேல், ஏனென்றால் இரண்டு செங்குத்துக் கோடுகள் ஒரே நேர்கோட்டில் சேர்கின்றனவா என்று பார்ப்பதில் நம் கண் ஒரு கலையைவிட நன்றாகவே கூர்மை காட்டுகிறது. எனவே எதன் மேல் ஃபோகஸ் செய்கிறோம் என்பது முக்கியம். மென்மையான கன்னத்தில் பிம்பங்களைச் சேர்க்க முயல வேண்டாம். மூக்குக்கண்ணாடியின் விளிம்பு, சட்டைக் கழுத்துப் பட்டியின் ஓரம், கதவு நிலை, இப்படிச் செங்குத்தாக, வெளிச்ச வேறுபாட்டோடு இருக்கும் ஒன்றைப் பிடியுங்கள். கண்ணருகுத் துளையில் திருகும் 1.25 அல்லது 1.4 மடங்கு உருப்பெருக்கி இருந்தால் எம்10-இன் அடித்தூரம் 63 அல்லது 70 ஆகும். 135 பயன்படுத்துகிறவர் முதலில் வாங்க வேண்டிய துணைக்கருவி எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: உருப்பெருக்கி கண்ணின் பிழையைத்தான் குறைக்கும், உருளையின் பிழையை அது தொடாது.

இப்போது உங்கள் கேமராவைச் சோதிப்போம். எம்10-இல் லைவ் வியூ (சென்சாரில் விழும் காட்சியைத் திரையில் காட்டும் வசதி) இருப்பதால் இது எளிது. கேமராவை முக்காலியில் வையுங்கள். 3 மீட்டர் தூரத்தில் பெரிய எழுத்து அச்சிட்ட தாளை நேராக நிறுத்துங்கள். டெலி-எல்மாரை எஃப்/4-இல் வைத்து, லைவ் வியூவை அணைத்து, ரேஞ்ச்ஃபைண்டரில் ஃபோகஸ் செய்து ஒரு படம் எடுங்கள். வளையத்தைக் கலைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் கடைக்கோடித் தூரத்திலிருந்து அருகாமை நோக்கி, ஒரே திசையில் வந்து நிறுத்துங்கள். பழைய ஹெலிகாய்டில் (லென்ஸை முன்பின் நகர்த்தும் திருகுப் புரி) கொஞ்சம் ஆட்டம் இருக்கும், திசை மாறினால் அதுவும் கணக்கில் சேரும். நான்கைந்து படங்களுக்குப் பிறகு லைவ் வியூவில் காட்சியை முழுதாகப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து ஒரு படம்.

படங்களை ஒப்பிடும்போது ஒரே ஒரு கேள்விதான்: ரேஞ்ச்ஃபைண்டர் படங்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் தவறுகின்றனவா, ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலுமாகச் சிதறுகின்றனவா? சிதறினால் அது கண்ணும் அடித்தூரமும் செய்யும் வேலை. உருப்பெருக்கி, நல்ல செங்குத்துக் கோடு, பார்வைக் குறைபாட்டுக்கான திருத்த வில்லை இவற்றால் குறையும். ஒரே பக்கமாகத் தவறினால் அளவீட்டுப் பிழை. லைவ் வியூவில் கூர்மை பெற வளையத்தை இன்னும் அருகாமை நோக்கித் திருப்ப வேண்டியிருந்தால், ரேஞ்ச்ஃபைண்டர் ஆளுக்குப் பின்னால் ஃபோகஸ் செய்கிறது என்று அர்த்தம்.

அதே சோதனையைக் கேனனிலும் செய்யுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோபுரத்தையோ கம்பத்தையோ வைத்து இரண்டு லென்ஸ்களிலும் கடைக்கோடித் தூரத்தையும் பாருங்கள். வளையம் முட்டி நிற்கும்போது நடுக்கட்டத்தில் பிம்பங்கள் ஒன்றாகின்றனவா, லைவ் வியூவில் கோபுரம் கூர்மையாக இருக்கிறதா என்று இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு லென்ஸும் ஒரே பக்கம் தவறினால் சந்தேகம் பாடியின் உருளை மேல். நீங்கள் சொன்ன வர்ணனையை வைத்துப் பார்த்தால் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்: உருளையில் சிறிய பிழை, அது டெலி-எல்மாரில் தெரிகிறது, கேனனில் அதன் மேல் அடாப்டரின் பிழையும் ஏறிக்கொள்கிறது. டெலி-எல்மார் சரியாக இருந்து கேனன் மட்டும் தவறினால் முதலில் வேறொரு அடாப்டரைக் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். கேனன் சரியாக இருந்து டெலி-எல்மார் மட்டும் தவறினால் லென்ஸில்தான் பிழை.

லென்ஸில் பிழை என்றால் கவலை குறைவு. டெலி-எல்மார், ஹெக்டார், 1960-இன் எல்மார் 135 எஃப்/4 ஆகியவற்றின் கண்ணாடித் தலையைக் கழற்றி எடுக்கலாம். எம் கேமராவில் லென்ஸ் வழியாகவே பார்க்க உதவிய விசோஃப்ளெக்ஸ் ஆடிப்பெட்டியில் பயன்படுத்துவதற்காக அப்படிச் செய்தார்கள். தலைக்கும் குழலுக்கும் இடையே மெல்லிய ஷிம் தகடுகளைச் சேர்த்தோ எடுத்தோ திருத்த முடிகிறது. ரேஞ்ச்ஃபைண்டர் பின்னால் ஃபோகஸ் செய்தால் தகடு சேர்க்க வேண்டும், முன்னால் செய்தால் எடுக்க வேண்டும். இந்தத் தலைகள் கழலுவதால் வேறொரு ஆபத்தும் உண்டு. ஒவ்வொரு கண்ணாடித் தலையின் உண்மையான குவியத் தூரமும் 135-லிருந்து கொஞ்சம் விலகியிருக்கும், குழலை அதற்குத் தகுந்தபடி பொருத்தியிருப்பார்கள். கைமாறும் வழியில் யாராவது ஒரு லென்ஸின் தலையை இன்னொன்றின் குழலில் மாட்டியிருந்தால், ஒரு தூரத்தில் சரியாகவும் இன்னொரு தூரத்தில் தவறாகவும் இருக்கும். எந்த ஷிம்மும் அதை முழுதாகச் சரிசெய்யாது.

பாடியிலுள்ள உருளையை வீட்டில் திருகிப் பார்க்கும் காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எம்8, எம்9 காலத்திலிருந்து பலர் செய்கிறார்கள். கடைக்கோடித் தூரத் திருத்தமும் அருகாமைத் திருத்தமும் தனித்தனி, ஆனால் ஒன்றைத் தொட்டால் மற்றதும் நகரும். 7 மைக்ரான் தேவைப்படும் இடத்தில் கைவிரல் கணக்கு வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து.

எம்8, எம்9 வைத்திருப்பவர்களுக்கு லைவ் வியூ இல்லை, அவர்கள் 45 பாகை சாய்த்த அளவுகோலைப் படமெடுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எம்8-இல் இன்னொரு இடைஞ்சல், அதில் 135-க்கான ஃபிரேம் கோடுகளே (படத்தின் எல்லையை வியூஃபைண்டரில் காட்டும் கோடுகள்) இல்லை. சிறிய சென்சாரால் 135 மி.மீ. லென்ஸ் 180 மி.மீ. போலப் பார்க்கும், மாட்டினால் 24, 35 கோடுகள்தான் எழும். எம்8-க்கு 90-ஓடு நிறுத்திக்கொள்வதே நல்லது. அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் ஃபில்டரும் அதற்கு வேண்டும், இல்லாவிட்டால் கருப்புச் செயற்கை இழைத் துணிகள் ஊதாவாக விழும்.

டைப் 240-இலும் அதற்குப் பிந்தைய பல பாடிகளிலும் மின்னணு வியூஃபைண்டர் மாட்டினால் மேலே சொன்ன கணக்குகள் பலவும் தேவையற்றுப் போகின்றன. லென்ஸ் வழியாகவே பார்க்கிறீர்கள். உருளை, கேம், அடாப்டர் தடிமன் எதுவும் படத்தைக் கெடுக்காது. அசையாத பொருளுக்கு அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் கூர்மையான விளிம்புகளில் ஃபோகஸ் பீக்கிங் காட்டும் வண்ணக் கோடுகளைப் பழைய லென்ஸில் நம்பாதீர்கள். 1950-களின் மாறுபாடு குறைந்த லென்ஸில் அது தாமதமாக எழும், அல்லது எஃப்/8-இல் ஆளுக்குப் பின்னும் முன்னும் எல்லா இடத்திலும் எழும். பெரிதாக்கிப் பார்ப்பதுதான் சரி. நடமாடும் மனிதர்களை எடுக்கும்போது நான் இன்னும் ஒளியியல் ஃபைண்டரையே விரும்புகிறேன். 135 கோட்டுக்கு வெளியே யார் நடந்து வருகிறார் என்று தெரிவது வேறு பெரும்பாலான கேமராக்களில் கிடைக்காத வசதி. அந்தக் கோடு 0.73 ஃபைண்டரில் சிறிய பெட்டிதான், பழகிக்கொள்ள வேண்டும். டிஜிட்டல் எம்-களின் கோடுகள் அருகிலுள்ள தூரத்துக்கு அளவிடப்பட்டவை (எம்9-இல் 1 மீட்டர், டைப் 240-இல் 2 மீட்டர்), எனவே தூரத்துக் காட்சியில் கோட்டுக்கு வெளியே உள்ளதும் கொஞ்சம் படத்தில் விழும். திருகு லென்ஸுக்கு அடாப்டர் வாங்கும்போது 135-க்கு 35/135 வகை, 90-க்கு 28/90 வகை என்று கேட்டு வாங்குங்கள். எந்தக் கோடு எழ வேண்டும் என்பதை அடாப்டரின் பற்களில் ஒன்றின் நீளம்தான் தீர்மானிக்கிறது.

வேறு எதை வாங்கலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். 135-இல் உங்களிடம் இருக்கும் டெலி-எல்மாரே உச்சம். அதற்கு மேலே 1998-இல் வந்த அப்போ-டெலிட் எஃப்/3.4 உண்டு, அது பழைய லென்ஸ் என்ற வகையில் சேராது. 1930-களில் தொடங்கி 1960 வரை வந்த ஹெக்டார் எஃப்/4.5-ஐப் பலர் ஒதுக்குகிறார்கள், நான் அப்படிச் செய்ய மாட்டேன். போருக்குப் பின் வந்த, பூச்சுள்ள பிரதியை எஃப்/5.6-க்கு மூடினால் மனித முகத்துக்கு இதமான, சாந்தமான படம் தரும். அப்பர்ச்சரில் பத்துக்கும் மேற்பட்ட இதழ்கள் இருப்பதால் பின்னணி ஒளிப்புள்ளிகள் வட்டமாகவே நிற்கும். திறப்பு சிறியது என்பதே டிஜிட்டல் எம்-இல் அதற்குச் சாதகம், ஃபோகஸ் பிழைக்கு இடம் சற்றுக் கூடுதல்.

ஆனால் ஒரே ஒரு டெலி வேண்டுமென்றால் நான் 90-ஐத்தான் சொல்வேன். பிழையின் பெருக்கம் 6.8-லிருந்து 3-ஆகக் குறைகிறது என்பதே பெரிய நிம்மதி. எல்மார் 90 எஃப்/4 எளிமையானது, இலகுவானது. 1959-இல் வந்த எல்மாரிட் எஃப்/2.8 இன்னும் கூர்மை. சம்மிக்ரான் எஃப்/2, 1957-இன் முதல் வடிவம், கனம். 1 மீட்டரில் முழுத் திறப்பில் கூர்மைப் பரப்பு ஃபிலிம் கணக்கிலேயே ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறைவு, டிஜிட்டல் கணக்கில் அதில் பாதி. மெலிந்த உருவிலுள்ள டெலி-எல்மாரிட் 90-ஐ வாங்குவதானால் பின்கண்ணாடியை டார்ச் அடித்துப் பாருங்கள். அதில் படியும் மூட்டம் பெயர்பெற்றது, பல பிரதிகளில் துடைத்தாலும் போகாது. லைக்கா சிஎல்-க்காக 1973-இல் வந்த எல்மார்-சி 90-இன் கேம் சரிவாக வெட்டப்பட்டது. எம் பாடிகளில் அது துல்லியமாக இணையும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

ஜப்பானிய லென்ஸ்களில் நிக்கோர் 8.5 செ.மீ. எஃப்/2-க்கு ஒரு வரலாறு உண்டு. 1950-இல் லைஃப் இதழின் டேவிட் டக்ளஸ் டங்கன் ஜப்பானில் நிக்கோர் லென்ஸ்களைச் சோதித்து வியந்து, கொரியப் போரைத் தன் லைக்காவில் அவற்றை மாட்டி எடுத்தார். திருகு மவுண்டில் கிடைக்கும், கனமான பித்தளை. ஜெய்ஸ் நிறுவனத்தின் சோனார் லென்ஸ் வழி வந்த வடிவம் என்பதால் அப்பர்ச்சரை மூடும்போது ஃபோகஸ் தளம் கொஞ்சம் நகரும். லைவ் வியூவில் பயன்படுத்தும்போது எந்த அப்பர்ச்சரில் எடுக்கப்போகிறீர்களோ அதிலேயே ஃபோகஸ் செய்யுங்கள். சோவியத் ஜூப்பிட்டர்-9 எஃப்/2 அழகான முகங்களைத் தரும், ஆனால் லைக்காவின் அளவுக்கு அது சரியாக ஒத்துப்போவதில்லை. அதை மின்னணு ஃபைண்டருக்கான லென்ஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காண்டாக்ஸ், நிகான் எஸ் மவுண்டுகளில் 50 மி.மீ. ஓரளவு ஒன்றுக்கொன்று பொருந்தினாலும் 85, 135 பொருந்தாது. காரணம் மேலே சொன்ன அதே பெருக்கம்தான்.

எடுக்கும் விதத்தில் இரண்டே சொல்கிறேன். எம்11 வரையிலான எம் பாடிகளில் சென்சாரை அசைத்து நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி இல்லை. 135-க்கு 1/125 போதும் என்ற ஃபிலிம் கால விதி 24 மெகாபிக்சலில் செல்லாது, 1/500-இலிருந்து தொடங்குங்கள். திருகு லென்ஸை மெனுவில் கைமுறையாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் கேமராவுக்குக் குவியத் தூரம் தெரியாது, தானியங்கி ஐஎஸ்ஓ தவறான ஷட்டர் வேகத்தில் நிற்கும். அடுத்தது ஹூட், அதாவது லென்ஸின் முன்னால் மாட்டும் ஒளி மறைப்பு. பழைய ஒற்றைப் பூச்சுக் கண்ணாடியில், பக்கவாட்டு வெளிச்சம் படம் முழுக்க வெண்திரை விரிக்கும்; நீளமான ஹூட் அதைப் பெரிதும் தடுக்கிறது. மிச்சமிருக்கும் மாறுபாட்டுக் குறைவை ரா கோப்பில் கருமையைச் சற்று இறக்கிச் சரிசெய்யலாம்.

கேமராவைப் பழுதுபார்ப்பவரிடம் அனுப்ப முடிவு செய்தால் பாடியோடு டெலி-எல்மாரையும் சேர்த்து அனுப்புங்கள், சோதனைப் படங்களையும் தாருங்கள். கேனனையும் அடாப்டரையும் அப்போது அனுப்ப வேண்டாம். மூன்று பிழைகளை ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு உருளையைத் திருத்தினால், ஒன்றின் பிழையை மறைக்க இன்னொன்றைக் கோணலாக்கிவிடுவார்கள். எம் மவுண்ட் 135-இல் கடைக்கோடித் தூரமும் 1.5 மீட்டரும் சரியாக விழும்படி பாடியை முடித்துத் தரச் சொல்லுங்கள். 135-க்குச் சரியான பாடி 50-க்கும் 35-க்கும் தானாகவே சரியாக இருக்கும். பாடி திரும்பி வந்த பிறகு கேனனை மாட்டி அதே 3 மீட்டர் சோதனையைச் செய்யுங்கள். அப்போது மிஞ்சும் பிழை அடாப்டருடையதா லென்ஸுடையதா என்பது வேறொரு அடாப்டரை மாட்டிய உடனே தெரிந்துவிடும்.